கர்ப்பகாலமும் மனச்சோர்வுக் குளிசையும்: கேள்வி பதில்

மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் கர்ப்பிணிகளும் வீட்டாரும் கேட்டவற்றுக்கு யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் ஒருவரின் பதில்கள்.

கோப்பாய்: ஏழு வாரக் கர்ப்பம். செர்ட்ராலின் 50 மில்லிகிராம் எடுத்து வந்தேன். பிள்ளைக்குக் கூடாது என்று மாமி சொன்னதால் விட்டுவிட்டேன். சரிதானே?

தங்கச்சி, நாளைக்கே உங்கள் வைத்தியரோடு கதையுங்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்று, பதற்றம், நித்திரையின்மை வரலாம். அதைவிட எனக்குப் பயம், பழைய சோர்வு திரும்புவதுதான். சோர்வு முற்றினால் சாப்பாடும் இறங்காது, கிளினிக்குக்குப் போகவும் மனம் வராது. குறைமாதப் பிரசவத்துக்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் அதுவும் ஒரு காரணம். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரிடமும் 100 பிள்ளைகளில் 2, 3 பேர் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். செர்ட்ராலின் அந்தக் கணக்கைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கர்ப்பத்தில் நாங்கள் முதலில் யோசிக்கும் மருந்துகளில் அது ஒன்று. சோர்வு லேசானது என்றால் மெல்ல மெல்லக் குறைத்து, உளவளத்துணையோடு சமாளிக்கலாம். முன்பும் மருந்தை விட்டு விழுந்து எழும்பியவர் என்றால், தொடருங்கள் என்றுதான் சொல்வேன்.

மானிப்பாய்: மருமகளுக்காக நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். குளிசையை நிற்பாட்டலாமா?

நேர்த்தியை நிறைவேற்றுங்கள் அம்மா, குளிசையையும் கொடுங்கள். சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் இருக்கிறாவா, விடியப்புறம் எழும்பி அழுகிறாவா என்று கவனியுங்கள். அதை உங்களைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் இல்லை.

சாவகச்சேரி: பரொக்செற்றின் எடுக்கிறேன். அடுத்த வருடம் பிள்ளைக்கு யோசிக்கிறோம்.

இப்போதே சொன்னது நல்லது. முதல் மூன்று மாதத்தில் அது பிள்ளையின் இதயக் குறைபாட்டு வாய்ப்பைச் சிறிது கூட்டலாம். கர்ப்பத்துக்கு முன்பே வேறு மருந்துக்கு மாறுவது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பருத்தித்துறை: 36 வாரம். செர்ட்ராலின் எடுக்கிறேன். பிரசவத்துக்கு முன் நிறுத்தவேண்டுமா? பால் கொடுக்கலாமா?

நிறுத்தவேண்டாம். இந்த வகை மருந்து எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 100க்குச் சுமார் 30 பேருக்கு நடுக்கம், சிணுங்கல், பால் இழுக்கச் சிரமம் வரும். பெரும்பாலும் சில நாளில், கூடினால் இரண்டு கிழமையில் அடங்கிவிடும். பிறந்த பிள்ளையின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுகிற கடுமையான சிக்கல் 1000க்கு 2 என்ற அளவிலிருந்து 3 ஆகக் கூடலாம். அதனால் மருந்தின் பெயர் உங்கள் கர்ப்பப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் மறைக்கிறார்கள். பேந்து வாட்டில் பிள்ளை நடுங்கும்போது தாதியருக்குக் காரணம் தெரியாது. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகும். தாராளமாகக் கொடுங்கள்.

தெல்லிப்பழை: மனைவி ஐந்து மாதம். சாகவேணும் போல இருக்கு என்கிறா.

தம்பி, கிளினிக் நாள் வரும்வரை இருக்கவேண்டாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், போகும்வரை தனியே விடாதீர்கள். இரவென்றாலும் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் மனநல உதவி கிடைக்கும்.