குளிசையா, வைட்டமின் குறைபாடா? மனநலக் கேள்வி-பதில்

அம்மாவுக்கு 63 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எடுக்கிறார். எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு செர்ட்ரலின். இப்போது கால் விறைப்பும் மறதியும் சேர்ந்துவிட்டன. மனநலக் குளிசைதான் காரணம் என்கிறார்கள். நிறுத்தட்டுமா? (களுவாஞ்சிக்குடி)

நிறுத்த வேண்டாம். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது மெட்போமினை. பல வருடம் எடுப்பவர்களுக்கு, அதுவும் நாளுக்கு 2 கிராம் அளவில் எடுப்பவர்களுக்கு, உணவிலுள்ள வைட்டமின் பி12 குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலும் சேர்ந்தால் இன்னும் மோசம். பி12 குறைந்தால் கால் விறைக்கும், நடை தள்ளாடும், மறதி வரும், மனச்சோர்வு கூடும். சீனியாலும் கால் விறைக்கும் என்பதால் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. அதற்காக மெட்போமினையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இரத்தத்தில் பி12 மில்லிலீற்றருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை தெளிவில்லாத இடம்; அந்த அளவில் கால் விறைப்பும் இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவார்கள். றிப்போட்டில் எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகையும் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் பிகோமோல் கணக்கில் தரும். அதில் 148தான் மற்றதில் 200. இதைக் கவனிக்காமல் ‘போன முறையைவிடக் குறைந்துவிட்டதே’ என்று பதறுபவர்கள் உண்டு.

அடிக்கடி நடக்கும் பிழை, ஊசி போட்டுவிட்டுச் சோதனைக்கு இரத்தம் கொடுப்பது. பி கொம்ப்ளெக்ஸ் ஊசி ஒன்று போட்டாலே அளவு ஏறிவிடும்; பிறகு அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரத்தம் கொடுத்த பிறகே ஊசி. இன்னொன்று: பி12 பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் இரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

முருங்கை இலையும் வல்லாரையும் நல்லவைதான், ஆனால் பி12 அவற்றில் இல்லை. சூடை, கீரி மீன்கள், முட்டை, ஈரல், தயிரில் உண்டு. உறிஞ்சுவதே கோளாறு என்றால் தயிர்ச் சட்டி மட்டும் போதாது.

அதே இரத்தத்தில் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு செர்ட்ரலின் வகைக் குளிசைகள் சோடியத்தைக் குறைக்கலாம். பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் குளிசையும் எடுத்தால் வாய்ப்பு அதிகம். மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் அதுவும் காரணமாகலாம்.

மனநிலை ஏற்ற இறக்க வருத்தத்துக்கு லித்தியம் எடுக்கிறேன். நோன்பு பிடிக்கலாமா? இரத்தத்தில் லித்தியம் லெவல் (அளவு) பார்க்கும் சோதனைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? (அக்கரைப்பற்று)

கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து. இரவு 9 மணிக்கு விழுங்கினால் காலை 9 மணிக்கு இரத்தம். காலைக் குளிசை இருந்தால் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பின் எடுங்கள். அளவு மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்தே சோதனை. பெரும்பாலானவர்களுக்கு லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும்.

ஆய்வுகூடத்தில் ‘இது லித்தியம் லெவலுக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சில குழாய்களில், பெரும்பாலும் பச்சை மூடி உள்ளவற்றில், இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பரின் பூசியிருக்கும். அதில் எடுத்தால் உடம்பில் இல்லாத லித்தியமும் கணக்கில் ஏறும்.

நோன்பைப் பற்றி றமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் பேசுங்கள். கிழக்கின் வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வியர்த்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சிலருக்கு முழு அளவையும் இரவுக்கு மாற்றி, நோன்பின் முதல் வாரத்தில் லெவல் பார்த்துத் தொடரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது சரிவராது. தலையிடிக்கு பரசிற்றமோல் போதும், இபுபுரோபனும் டைக்ளோபினக்கும் லெவலை ஏற்றும். வாந்தி, வயிற்றோட்டம், கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த குளிசையை எடுக்காமல் அன்றைக்கே வைத்தியசாலை. 1990 அம்புலன்ஸ் இருக்கிறது.

லித்தியம் எடுப்பவருக்கு எந்த வைட்டமின் சோதனையையும்விட முக்கியமானவை ஆறு மாதத்துக்கொரு தடவை சிறுநீரகம், தைரொயிட், கல்சியம்.

வைட்டமின் டி 14 என்று வந்தது. அதை ஏற்றினால் மனச்சோர்வுக் குளிசையை விடலாமா? (ஏறாவூர்)

விட முடியாது. 14 நனோகிராம் குறைவுதான் (20க்கு மேல் இருக்க வேண்டும்), ஏற்றுவது எலும்புக்கு நல்லது. மனச்சோர்வுக்கு அது மாற்று மருந்து அல்ல. 50,000 அலகுக் குளிசை என்றால் வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் விழுங்கி, கல்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாய் வருபவர்கள் உண்டு. பெட்டியில் கிழமையைப் பேனாவால் எழுதிவையுங்கள்.

மகளுக்கு 24 வயது. சோடியம் வல்புரோவேற் எடுக்கிறாள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் வாங்கினோம். கலியாணமும் பேசுகிறோம். (சம்மாந்துறை)

வல்புரோவேற் (வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கும் குளிசை) முடியைக் கொட்டவைக்கலாம், உண்மை. பயோட்டின் எடுத்தால் தைரொயிட் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்; பல இயந்திரங்களில் அது முடிவைப் பிழையாக்கி, இல்லாத தைரொயிட் வருத்தத்தைக் காட்டும்.

பெரிய விஷயம் முடி அல்ல, கலியாணம். கர்ப்பத்தில் இந்தக் குளிசை எடுத்த தாய்மாரின் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. மூன்று நான்கு பேருக்குக் கற்றலிலும் வளர்ச்சியிலும் சிக்கல். 5 மில்லிகிராம் போலிக் அமிலம் எடுத்தாலும் இந்த ஆபத்து நீங்காது. நாள் குறிப்பதற்கு முன்பே மருந்தை மாற்றுவது பற்றி உளநல வைத்தியரிடம் பேசுங்கள். மாற்றிப் பழகச் சில மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை நம்பகமான குடும்பத் திட்டமிடல் தேவை. திடீரென நிறுத்தினால் வலிப்போ பழைய வருத்தமோ திரும்பலாம்.

கசிப்புக் குடித்தவர், இரண்டு நாளாக விட்டுவிட்டார். குழம்பிப் பேசுகிறார். பி1 சோதனை எங்கே செய்யலாம்? (வாழைச்சேனை)

சோதனைக்கு அலைய வேண்டாம், இப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குழப்பம், கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலே தயமின் (பி1) ஊசி போட வேண்டும். முடிவு வரும்வரை மூளை காத்திருக்காது. குடிப்பவரின் குடலில் குளிசை சரியாக உறிஞ்சப்படாது. ‘சோர்வாக இருக்கிறார், குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவோம்’ என்று யாராவது தொடங்கினால், குடிப்பழக்கம் உள்ளவர் என்பதை உடனே சொல்லுங்கள்: தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. தினமும் குடித்தவர் திடீரென விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம், தனியே விடாதீர்கள்.