வீடு இங்கே, வேலை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கே: சிங்கப்பூரில் தெம்பனீஸ் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தைச் சுற்றி வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வரிசையாக நிற்கின்றன. நகர மையமான ராஃபிள்ஸ் பிளேசில் இருக்க வேண்டியவை இங்கு எப்படி வந்தன?
– வாசகி, தெம்பனீஸ்

ப: வாடகை குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் குறைந்த வாடகை தீவில் வேறு இடங்களிலும் கிடைத்ததே!

1971ஆம் ஆண்டின் நீண்டகாலத் திட்டம், நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றிக் குடியிருப்பு நகரங்களை வளையமாக அமைத்தது. வீடுகள் வெளியே பரவின. அலுவலகங்கள் தெற்கு முனையிலேயே தங்கிவிட்டன. 1987இல் எம்ஆர்டி ஓடத் தொடங்கியது. இந்த அமைப்பில் காலையில் நகருக்குள் போகும் ரயில் பிதுங்கும். எதிர்த்திசை ரயில் காற்றை ஏற்றிக்கொண்டு போகும். செலவு இரண்டு வழிக்கும், பயன் ஒரு வழிக்கு மட்டும். இதைத் திருத்தத்தான் 1991ஆம் ஆண்டுத் திட்டம் தெம்பனீஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ், சிலேத்தார் என நான்கு வட்டார மையங்களை, அதாவது நகருக்கு வெளியே அலுவலகங்கள் சேரும் இடங்களை, குறித்தது. முதலில் எழுந்தது தெம்பனீஸ். சிலேத்தார் இன்னும் அப்படி எழவில்லை.

வந்தது எந்த வேலை என்று கவனியுங்கள். கணக்கு, கணினி, ஆவணம், தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவை போன்றவை. வாடிக்கையாளர் நேரில் வரவேண்டாம். பரந்த தளம் வேண்டும். ஊழியர் நிறையத் தேவை. அந்த ஊழியர்களோ தெம்பனீஸ், பிடோக், பாசிர் ரிஸ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஏற்கெனவே குடியிருந்தார்கள். ஆளில்லாத இடத்தில் அதே கட்டடத்தைக் கட்டி வாடகையைப் பாதியாக்கியிருந்தாலும் நிரம்பியிருக்காது என்பது எங்கள் கருத்து.

கே: அப்படியானால் ஜூரோங்? அங்கே முதலில் தொழிற்சாலைதானே வந்தது?
– வாசகர், பூன் லே

ப: ஆமாம், அதனால் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1961இல் சதுப்பு நிலத்தை மேடாக்கும் வேலை தொடங்கியது. முதல் ஆண்டுகளில் ஆலைகள் மெல்லத்தான் வந்தன. நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரைச் சேர்த்து ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். ஆலைகள் வந்த பிறகும் தொழிலாளர்கள் அங்கே குடியேறத் தயங்கினார்கள். சந்தை, பள்ளி, மருந்தகம், பேருந்து ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலே குடும்பம் வராது. ஆண் மட்டும் வந்து வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவார்.

1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் பொறுப்பேற்ற பிறகு பறவைப் பூங்கா 1971இலும், ஜப்பானியத் தோட்டம் 1973இலும், சீனத் தோட்டம் 1975இலும் திறந்தன. ஆலைகளுக்கு நடுவே கிளிக்கும் கொக்குக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போக ஓர் இடம் இல்லாத ஊரில் யார் வீடு எடுப்பார்கள்?

வீவக நகரங்களில் இதற்கு ஓர் அளவு உண்டு. ஏறத்தாழ 400 முதல் 800 வீடுகள் சேர்ந்தால் ஒரு தொகுப்பு: விளையாட்டு இடம், உட்காரும் இடம் போதும். 4,000 முதல் 6,000 வீடுகள் சேர்ந்தால் ஓர் அக்கம்பக்கம்: கடைகள், உணவங்காடி, பள்ளி எல்லாம் அதன் நடுவே. புதுப் பேட்டையில் கடை எடுக்க நினைப்பவர்கள் திட்டத்தில் எழுதியிருக்கும் வீட்டு எண்ணிக்கையை நம்பாமல், இரவு எட்டு மணிக்கு விளக்கு எரியும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். சாவி வாங்கியவர்கள் புதுப்பிப்பு முடித்துக் குடிவர மாதங்கள் ஆகும். வாடகையோ முதல் மாதத்திலிருந்தே ஓடும்.

கே: மலேசியாவின் ஜோகூருக்கு விரைவு ரயில் வந்தால் உட்லண்ட்ஸ் கடைகள் படுத்துவிடுமா?
– மளிகைக்கடைக்காரர், உட்லண்ட்ஸ்

ப: சில படுக்கும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பக்கத்துப் புக்கிட் சாகருக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடியும். முடிவெட்டு, வார இறுதிச் சாப்பாடு, மூட்டை மூட்டையாக மளிகை எல்லாம் அந்தப் பக்கம் சாயும். காலைப் பசியாறல், மருந்தகம், துணைப்பாடம், பழுது பார்ப்பு போகாது. அரிசி மூட்டையை நம்பியிருக்காதீர்கள். கறிவேப்பிலையும் தோசை மாவும் வாங்க யாரும் எல்லை கடக்கமாட்டார்கள்.

கே: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கடைத்தெரு, திருமண மண்டபம் எல்லாம் உண்டு. நகரம் மாதிரிதான் இருக்கிறது. இன்னும் ஊராட்சியாகவே இருக்கிறதே, பேரூராட்சி ஆக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?
– ஊர்ச் சங்க உறுப்பினர், புக்கிட் பாத்தோக்

ப: கொடுக்கலாம், ஊரைக் கேட்டுவிட்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்று நிபந்தனை வைத்திருக்கிறது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும்) ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. மூன்றும் பொருந்தினால் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. இத்தகைய ஊர்கள் இந்தியாவில் 2001இல் 1,362, 2011இல் ஏறத்தாழ 3,900. பெயர்தான் நகரம், நிர்வாகம் ஊராட்சியுடையது. கழிவுநீர் வாய்க்கால், குப்பை வண்டி, தெருவின் அகலம் ஆகியவற்றுக்கு நகர அளவில் ஆளும் பணமும் இருக்காது. அகலமில்லாத தெருவில் மாடி வீடுகள் நெருங்கி எழுந்துவிட்டால் பிறகு குழாய் பதிக்க இடம் தேடவேண்டும்.

தரம் உயர்ந்தால் சொத்து வரி ஏறும். கிராமங்களுக்கு மட்டுமான ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும். எதிர்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்பும், அதில் நியாயமும் இருக்கிறது. இங்கிருந்து மனு எழுதுகிறவர்கள் அந்தக் கூலியை நம்பி வாழ்பவர்கள் அல்லர்.

இன்னொன்று. தொழிற்பேட்டை வந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். சென்னையை நம்பாமல் வளர்ந்த திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சிக்கல் சாயத்தைவிட உப்பில். பருத்தியில் சாயம் ஏற உப்பை நிறையப் போடுவார்கள். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு உப்பை எடுக்காது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் வேண்டும், மின்கட்டணம் பயமுறுத்தும், மிஞ்சும் உப்புக்கழிவை வைக்கவும் இடம் தேடவேண்டும். பேட்டைக்கு நிலம் பார்க்கும்போதே கழிவு எங்கே போகும் என்று கேளுங்கள்.

கே: ஒரு நகரம் தன் காலில் நிற்கிறதா என்பதைப் பள்ளித் திட்டப்பணிக்காக எப்படி அளப்பது?
– தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்

ப: வேலை எண்ணிக்கையை, அங்கே குடியிருந்து வேலைக்குப் போவோர் எண்ணிக்கையால் வகுப்பது வழக்கம். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 50,000 வேலை, 50,000 தொழிலாளர் என்றால் விகிதம் 1. ஆனால் உள்ளூரிலேயே வேலை செய்வோர் 5,000 பேர்தான் என்றால், 45,000 பேர் வெளியே போக 45,000 பேர் உள்ளே வருகிறார்கள். ரயில் இரு பக்கமும் நிரம்பும். பயணிக்கோ அதே அலைச்சல். ஆகவே உள்ளூரில் வேலை செய்வோர் விழுக்காட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேரில் எண்ண, நிலையக் கதவருகே காலை 7.30 முதல் 9.00 வரை நின்று உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தனித்தனியே குறியுங்கள். இருவர் வேண்டும், ஒருவரே இரு பக்கமும் எண்ணினால் கூட்டம் கூடும்போது தவறும். சீருடை மாணவர்களைத் தனிப் பத்தியில் போடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வோர் அதிகமாகும் வெள்ளியும் திங்களும் வேண்டாம். பள்ளி விடுமுறையும் வேண்டாம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் கதவைத் தாண்டாமலே போய்விடுவார்கள், பேருந்தில் வருபவர்களும் இந்தக் கணக்கில் பாதிதான் தெரிவார்கள். இரண்டையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். பெருமழை பெய்தால் அன்றைய எண்ணிக்கையை விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி நில்லுங்கள்.