பட்டறைத் திண்ணை: சடக்குக்குச் சக்கரம், அறுக்கக் கால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு மரம் அறுப்பதைப் பற்றியவை. "தாத்தா, உங்க பதிலே அறுவை, இதுல மர அறுவை வேறயா?" என்று பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 31 வருடம் பட்டறை வேலை பார்த்தவன் நான். டிராக்டர், பால் லோரி, ஸ்டோர் கூரை எல்லாம் பார்த்த கை, ஓய்வுக்குப் பிறகு மரத்தில் இறங்கியது. அதனால் இந்த முறை முழுக்க மரமே.

*

கேள்வி: அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கித்தா (ரப்பர்) காட்டை அழித்து மறுநடவு செய்யப் போகிறோம். மரங்களுக்கு 28 வயது. குத்தகைக்காரர் மொத்தமாக விலை பேசுகிறார். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் மரத்தை நாமே பலகையாக்கலாம் என்று பழைய பேண்ட்சா மில் (பட்டை வாள் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்று வாங்கினேன். 12 அடிப் படுக்கை, 14 குதிரைச்சக்தி எஞ்சின். ஒரு பழைய படகு டிரெய்லரும் கிடைத்தது. மில்லை அதன்மேல் தூக்கி வைத்துப் பற்றவைத்துவிட்டால் காட்டுக்கும் வீட்டுக்கும் இழுத்துப் போகலாம் அல்லவா?
வாசகர், பகாவ்

பதில்: வெல்டிங் மிஷினை எடுத்துவிட்டீர்களா தம்பி? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். மில் தரையில் இருந்தால் படுக்கை ஓரடி உயரம் இருக்கும். டிரெய்லர் மேல் ஏற்றினால் அது மூன்றடிக்குப் போய்விடும். 50 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள பச்சைக் கட்டை ஒன்று ஏறக்குறைய அரை டன். அதை ஓரடி உருட்டி ஏற்ற இரண்டு பேரும் இரண்டு கடப்பாரையும் போதும். மூன்றடி ஏற்ற வேண்டுமென்றால் நீளமான சாய்வுப் பலகை, வின்ச், கூடவே சாமி கும்பிடு. அடுத்தது சக்கரம். கட்டை பக்கவாட்டில்தான் உருண்டு வரும். படகு டிரெய்லரின் சக்கரமும் மட்கார்டும் சரியாக அந்த இடத்தில் குறுக்கே நிற்கும்.

ஆகவே அச்சைக் கழற்றும்படி செய்யுங்கள். மில் படுக்கையின் அடியில் இரண்டு சதுரக் குழாய்களைக் குறுக்கே பற்றவைத்து, அச்சு அதற்குள் நுழைந்து பின்னில் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். இடத்துக்குப் போனதும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள், பின்னை உருவுங்கள், அச்சைச் சக்கரத்தோடு உருட்டி எடுத்துவிட்டுப் படுக்கையைத் தரைக்கு இறக்குங்கள். இருபது நிமிட வேலை. படகு டிரெய்லரில் உங்களுக்கு உதவப்போவது அச்சும், இழுவைக் கொக்கியும், விளக்கும்தான்.

அச்சு கழலாதபடிதான் செய்வேன் என்றால் அதுவும் முடியும். ஆனால் அறுக்கும்போது டயரில் ஒரு கிலோ பாரமும் இருக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் நண்பரோடு சேர்ந்து நான் கட்டிய மில்லில் நாலு மூலைக்கு நாலு கால் வைத்தேன். நடுவில்தான் டயர் இருக்கிறதே, அது தாங்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு டுரியான் கட்டையைப் போட்டோம். வந்த முதல் பலகை ஓரத்தில் ஒன்றேகால் அங்குலம், நடுவில் ஒரு அங்குலம். நண்பர் பிளேடைத் திட்டினார், நான் நண்பரைத் திட்டினேன். குற்றம் இரண்டு பேர் மேலும் இல்லை. டயர் ரப்பர்தானே, அமுங்கும்! நடுவில் படுக்கையின் தண்டவாளம் தொய்ந்தது, அதன்மேல் ஓடும் தலை, அதாவது வாளும் எஞ்சினும் உள்ள பகுதி, அதோடு இறங்கியது, கட்டை மட்டும் விறைப்பாக நின்றது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மில் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. கட்டையும் வாளும் சேர்ந்தே சாய்கின்றன. தலை தானாக ஓடிவிடாத அளவுக்கு மட்டம் இருந்தால் போதும். படுக்கை வளைந்தாலோ முறுக்கிக்கொண்டாலோதான் வம்பு. அதனால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால் வையுங்கள், திருகு ஜாக்கியோடு. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓரடிச் சதுரத்துக்குக் கெட்டிப் பலகை. நம் ஊர்ச் செம்மண் காலையில் கல் மாதிரி இருக்கும், மத்தியான மழைக்கு அல்வாவாகிவிடும்.

முறுக்கைப் பார்க்க விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். நாலு மூலையிலும் ஒரே உயரக் கட்டைத்துண்டு வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். இடைவெளி தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. தொடுகிறது என்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள், மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டிருக்கலாம். மேலே உள்ளதைக் கீழே மாற்றிக் கட்டி இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் தண்டவாள நீளத்துக்கு ஒரு நூல் இழுத்து, தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் கட்டை ஏறியபின் இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும், பாரம் வந்ததும் கால்கள் கொஞ்சம் புதையும். நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

இழுத்துப் போவதற்கு: மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். மில்லும் அச்சும் சேர்ந்து 700 கிலோ என்றால் கொக்கியில் 70 முதல் 105 கிலோ. குறைந்தால் பின்பாரம் தூக்கி, வண்டி பாம்பு மாதிரி ஆடும். எஞ்சின் இருக்கும் தலைதான் மில்லிலேயே கனம். அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, கொக்கியில் சரியான பாரம் விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே போல்ட் போட்டுப் பூட்டுங்கள். கயிறு உதவாது. தோட்டச் சடக்கின் குழிகளில் கயிறு எத்தனை நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பொதுச் சாலையில் ஏற்றுவதாக இருந்தால் பற்றவைக்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் அறுப்பதற்கும் மாநில அளவில் உரிமச் சட்டங்கள் உண்டு. "சொந்தக் காடு, சொந்த வீடு" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் வனத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். பால் வெட்டிய அடிமரத்தை மில்லில் ஏற்றவே ஏற்றாதீர்கள். சின்ன வயதில் அம்மாவோடு போய் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்தவன் நான். மங்கைத் தாங்கும் கம்பியும், பால் வடியும் தகடும் மரத்துக்கு மரம் இருக்கும். பால் வெட்டும் இடத்தை மேலே மேலே மாற்றும்போது பழைய கம்பியை யாரும் பிடுங்குவதில்லை. 28 வருடத்தில் பட்டை அதை விழுங்கியிருக்கும், வெளியே ஒரு வடு மட்டும் தெரியும். பிளேடுக்கு எமன் அதுதான். தரையிலிருந்து ஐந்தடி, ஆறடியை விறகுக்கு ஒதுக்கிவிட்டு மேல்மரத்தை எடுங்கள். மெட்டல் டிடெக்டர் இருந்தால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கித்தா மரம் காத்திருக்காது. சாய்த்த இரண்டு மூன்று நாளில் நீலப்பூஞ்சை ஏறிவிடும், பின்னாலேயே துளைக்கும் வண்டு வரும். சனிக்கிழமை சாய்த்ததை அடுத்த சனிக்கிழமை அறுக்கலாம் என்று இருந்தால் கரும்புள்ளி விழுந்த பலகைதான் கிடைக்கும். ஒரு நாளில் எவ்வளவு அறுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் சாயுங்கள். அறுத்த அன்றே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த மருந்துநீரில் ஊறப்போட்டு, பலகைக்குப் பலகை ஓரங்குலக் குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமான கூரையடியில் காயவிடுங்கள். இந்த மருந்து மழைக்குக் கரைந்து ஓடிவிடும். ஆகவே மேசை, அலமாரி, கட்டில் செய்யலாம். வேலிக்கும் வாசல் பெஞ்சுக்கும் வேண்டாம். மூவாரில் நாற்காலி மேசையாகிக் கப்பல் ஏறுகிற மரம் இது, மட்டமான மரமில்லை. ஆனால் அங்கே ஆலையில் அழுத்தத்தில் மருந்து ஏற்றி, சூளையில் காயவைக்கிறார்கள். நம்மால் அந்த அளவுக்கு முடியாது.

என் யோசனை: பெரும்பகுதி மரத்தைக் குத்தகைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். நேரான மரமாக ஒரு இருபதை வைத்துக்கொள்ளுங்கள். அதுவே இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும். கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் மரமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள். நான் அறுக்க நினைக்காத ஒரே கித்தா மரம் அது.

*

கேள்வி: செம்பனை மறுநடவில் சாய்த்த தண்டுகள் மலைமலையாகக் கிடக்கின்றன. அதை அறுத்துப் பலகை எடுக்கலாமா?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: வேண்டாம் ஐயா. செம்பனைக்கு மரம்போல வயிரம் கிடையாது. வெளிச்சுற்று மட்டும் கொஞ்சம் கெட்டி, உள்ளே போகப் போகத் தண்ணீர் ஊறிய பஞ்சு. காய்ந்தால் சுருங்கிக் குழிந்துவிடும். தண்டில் உள்ள மணற்சத்து வேறு பிளேடின் பல்லைத் தின்றுவிடும். தண்டு அழுகி மண்ணுக்கே உரமாகட்டும்.

*

கேள்வி: பழைய வீட்டைப் பிரித்ததில் செங்கால் என்ற கெட்டி மரத்தின் தூண்கள் கிடைத்தன. என் சிறிய மில்லில் அறுத்தால் பலகை அலை அலையாக வருகிறது. பிளேடு புதியதுதான். செயின்சாவிலேயே அறுத்துவிடலாமா?
வாசகர், சிகாமட்

பதில்: செங்காலைச் செயின்சாவில் அறுப்பது பாவம். செயின்சா ஒரு அறுப்புக்கு 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பேண்ட்சா பிளேடு 2 மில்லிமீட்டர்தான். ஓரங்குலப் பலகை எடுத்தால், செயின்சாவில் மூன்று அறுப்புக்கு ஒரு பலகை தூளாகப் போகிறது. பேண்ட்சாவில் பன்னிரண்டு அறுப்புக்கு ஒன்று.

அலைக்கு என் சந்தேகம் இரண்டு. ஒன்று, அவசரம். காய்ந்த செங்கால் கல். பச்சைக் கித்தாவில் தள்ளிய வேகத்தில் இதில் தள்ளினால் பிளேடு வழி தேடி மேலும் கீழும் போகும். எஞ்சின் சத்தம் இறங்காத வேகத்தில் மட்டும் தள்ளுங்கள். இரண்டு, பல்லின் சாய்வு. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 10 பாகைப் பல், அது மென்மரத்துக்கு நல்லது. கெட்டியாகக் காய்ந்த மரத்துக்கு 4 பாகை என்று கேட்டு வாங்குங்கள். பிளேடின் இறுக்கத்தையும் பாருங்கள். சூடேறினால் அது நீளும், அரைமணிக்கு ஒருமுறை இறுக்கம் தேவைப்படலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். தண்ணீர் சொட்டுவதில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டால் பிசின் ஒட்டாது.

புது பிளேடு என்கிறீர்கள். பழைய தூணில் ஒரே ஒரு ஆணி இருந்திருந்தால் அது இப்போது புது பிளேடு இல்லை. பல்லை விரலால் தடவாமல், வெயிலில் பிடித்துப் பாருங்கள். முனையில் வெள்ளையாக ஒளி மின்னினால் மழுங்கிவிட்டது.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் கைலியைக் கட்டிக்கொண்டு தனியாகவே மில்லில் நிற்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார்.
வாசகி, கூலிம்

பதில்: தங்கச்சி, இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அண்ணே, கைலி ஓடுகிற பெல்ட்டில் மாட்டினால் முதலில் போவது கைலி, அடுத்தது கால். இறுக்கமான கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி, காதுமூடி. பிளேடு அறுந்தால் அது ஓடுகிற திசையிலேயே பாயும், அந்த நேர்கோட்டில் நீங்களும் நிற்காதீர்கள், பேரப்பிள்ளையையும் நிற்கவிடாதீர்கள். கட்டை உருளும் பக்கம் நிற்காமல் பின்னாலிருந்து தள்ளுங்கள், ஒவ்வொரு உருட்டலுக்கும் ஆப்பு வையுங்கள். பிளேடு மாற்றும் முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். அரை டன் கட்டையோடு தனியாளாக மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் வருவார்.

இதற்கும் கேட்கவில்லை என்றால், தங்கச்சி, அந்த ஸ்பார்க் பிளக்கையே கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவையுங்கள். கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.