ஓதம், குழி, சாரம்: வீடு கட்டுவோர் கேள்வி பதில்

தரைத்தளத்தில் மூன்றடி உயரம் வரை பெயின்ட் உப்பி உதிர்கிறது. ஆறு வருட வீடு. இரண்டு முறை பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர்புரூஃப் கலவை கலந்து பூசினோம். மழை முடிந்ததும் மறுபடி வந்துவிட்டது. மூன்றாம் முறையும் பூசலாம் என்கிறார் கொத்தனார்.
— வாசகர், பாலக்கோடு

பூசாதீர்கள். தண்ணீர் சுவரின் முகத்தில் நுழையவில்லை, அடியில் நுழைகிறது. செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. எங்கே காற்றுப் படுகிறதோ அங்கே தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருக்கும்போதுதான் பெயின்ட் உப்புகிறது. மூன்றடி வரை நீர்புகாப் பூச்சு போட்டு வழியை அடைத்தால் ஈரம் நாலடிக்கு ஏறி அங்கே வெளியே வரும். உங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது இதுதான்.

முதலில் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருப்பக்கச் சுவரில் மட்டும் இருந்தால் வெளித்தரை உயர்ந்திருக்கிறது. நடுச்சுவர்களிலும் ஒரே உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் இருந்தால் டி.பி.சி. என்கிற ஓதத் தடுப்பு அடுக்கு இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் திட்டாக இருந்தால் குழாயைச் சோதியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் வைத்து ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. தாளின் அறைப்பக்கம் நனைந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

வெளிப்பக்கம் பேஸ்மட்டமும் (தரைக்கு மேல் எழுப்பிய அடித்தளம்) சுவரும் சேருமிடத்தைத் தேடுங்கள். ஓதத் தடுப்பு அடுக்கு வெளித்தரைக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. இருக்க வேண்டும். தெருவை இரண்டு தடவை மேலே மேலே போட்டிருந்தால் அது மண்ணுக்குள் போயிருக்கும். அப்படியானால் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, தரையை அந்த அடுக்குக்கு 15 செ.மீ. கீழே இறக்குங்கள். அடியில் சிமென்ட் போட்டுத் தெருப்பக்கம் சரிவு கொடுங்கள். தெரு அதைவிட உயரமாக இருந்தால் சரிவு பயன்படாது, தோண்டிய பள்ளத்தைச் சிறு வாய்க்காலாக்கித் தண்ணீர் வெளியேற வழி செய்யுங்கள். வெளிப்பூச்சு மேலிருந்து தரை வரை ஒரே தொடர்ச்சியாக இருந்தால் அதுவே ஈரத்துக்குப் பாலம். அடுக்கு இருக்கும் உயரத்தில் ஒரு அங்குலத்துக்குப் பூச்சை வெட்டி விடுங்கள். பல வீடுகளில் இந்த இரண்டு வேலையிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

அடுக்கே இல்லையென்றால் துளையிட்டு மருந்து ஏற்றலாம். உள்தரைக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில், செங்கல்லில் அல்ல, கலவை மூட்டில், 10 முதல் 12 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளைகள் போட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் ஆழம் 19 செ.மீ. போதும், மறுபக்கம் வெளியே வரக் கூடாது. தூசியை ஊதிவிட்டு, நீரை விலக்கும் சிலேன் வகை கிரீமை அடியிலிருந்து வாய் வரை நிரப்புங்கள். பழைய கருங்கல் சுவருக்கு இது சரிப்படாது. அங்கே மூட்டு நேர்கோட்டில் ஓடுவதில்லை, மருந்து சேராத இடைவெளி விட்டுவிடும்.

உள்பூச்சைக் கறைக்கு மேல் ஒரு அடி சேர்த்துக் கொத்துங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடி உள்ளே போகும். பிறகு காயவிட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு, ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது மாதம். யாரும் இவ்வளவு பொறுப்பதில்லை, அதனால்தான் இந்த வேலை கெட்ட பெயர் வாங்குகிறது. நம் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. ஜனவரியில் கொத்தினால் மே வரை நல்ல வெயில் கிடைக்கும். சுவர் முழுதும் காயும்வரை சுண்ணாம்பு மட்டும் அடித்து வையுங்கள். புட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் கடைசியில்.

தெருவைப் பற்றி: பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அடுத்த முறை ஜல்லி வந்து இறங்குவதற்கு முன்பே, உங்கள் வாசற்படியில் டேப் பிடித்து எடுத்த படத்தோடு பேரூராட்சிக்கு மனு கொடுங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள். போட்ட பிறகு கொடுக்கும் மனுவுக்குப் பதில் கடிதம் வரும், தெரு இறங்காது.

•

பேஸ்மட்டத் தலையில் ஓடும் கான்கிரீட் உத்தரம், பிளிந்த் பீம், போட்டாயிற்று, தனியாக டி.பி.சி. தேவையில்லை என்கிறார் எங்கள் எஞ்சினியர். சுயசான்றிதழில் அனுமதி வாங்கியிருக்கிறோம். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது இதைக் கேட்பார்களா?
— வாசகி, ஓசூர்

பின் கேள்விக்கு முதலில் பதில்: வர மாட்டார்கள். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 7 மீட்டர் உயரம் மிகாமல் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. கள ஆய்வும் இல்லை, முடிப்புச் சான்றிதழும் வேண்டாம். அலைச்சல் மிச்சம், சரி. ஆனால் கட்டும்போது அளவு பிடித்துப் பார்க்க ஆள் இல்லை என்பதும் அதற்குள் அடக்கம். அந்த வேலை இனி உங்களுடையது.

எஞ்சினியர் சொல்வதில் பாதி உண்மை. நன்றாக அதிர்த்து இறுக்கிய கான்கிரீட் ஈரத்தை மெதுவாகத்தான் விடும். ஆனால் நம் வீடுகளில் பீமின் பக்கப்பலகையைக் கழற்றினால் தேன்கூடு போல் ஓட்டைகள் தெரிகின்றன, அவற்றைச் சிமென்ட் பால் பூசி மறைக்கிறார்கள். ஓதத் தடுப்புக்கென்றே ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 3067 என்ற நடைமுறை விதி இருக்கிறது. பீம் தலையில் 20 மி.மீ. கனத்துக்கு ஒன்றுக்கு மூன்று கலவை, அதில் ஐ.எஸ். 2645 முத்திரையுள்ள நீர்த்தடுப்புப் பொருள், காய்ந்ததும் மேலே சூடான தார். இவ்வளவுதான் வேலை.

கணக்கும் தருகிறேன். ஒன்பது அங்குலச் சுவர் மொத்தம் 60 மீட்டர் நீளம் என்றால் பரப்பு சுமார் 13.8 சதுர மீட்டர். சிமென்ட் மூன்று மூட்டை, எம்-சாண்ட் பத்து கன அடி. தூள் வகைத் தடுப்புப் பொருள் பொதுவாக மூட்டைக்கு ஒரு கிலோ, பையில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள், அதிகம் போட்டால் கலவை பலம் குறையும். தார் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ வீதம் 24 கிலோ. முழு வீட்டுச் செலவில் இது ஒரு கதவு நிலைக்குக்கூட வராது.

கோட்டை விடும் இடங்கள் சில உண்டு. கலவையைப் போட்ட அன்றே மேலே செங்கல் அடுக்குவது ஒன்று. ஏழு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால் மயிரிழை வெடிப்பு வந்து அந்த வழியே ஈரம் ஏறும். ஈரக் கலவை மேல் தாரை ஊற்றுவது இன்னொன்று; ஆவி எழுந்து தார் கொப்புளமாகக் கிளம்பும். தூண் பக்கத்தில் ஒரு சாண் விட்டுவிடுவார்கள், அந்த மூலையில்தான் முதல் கறை வரும். தரைக்குத் தனியாக 250 மைக்ரான் பாலிதீன் தாளை கான்கிரீட்டுக்கு அடியில் விரித்து, ஓரத்தை மடித்துச் சுவரின் அடுக்கோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் காய்ந்திருக்கும், டைல்ஸ் மூட்டில் உப்பு பூக்கும்.

பேஸ்மட்டம் சுற்றுத்தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தெரு உயரும் ஊரில் அது குறைந்தபட்சம்தான், மூன்றடி வையுங்கள். தார் பூசிய அன்று மாலை, செங்கல் ஏறுவதற்கு முன், நான்கு மூலையிலும் டேப்பை வைத்துப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். மறுநாள் அது சுவருக்குள் போய்விடும்.

•

பக்கத்து மனையில் கீழ்த்தளத்துக்காக எட்டடி தோண்டுகிறார்கள். எங்கள் சுவரிலிருந்து மூன்றடிதான். பாறை வந்ததால் கம்பரஸர் ஓடுகிறது. சுவரில் கீறல் தெரிகிறது. யாரிடம் போவது?
— வாசகர், கிருஷ்ணகிரி

உங்கள் கடைக்கால் எத்தனை அடி ஆழம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து அஸ்திவாரங்களின் அடிமட்டத்தை இணைக்கும் கோடு மண்ணில் கிடைமட்டமாக இரண்டடி போவதற்குள் ஓரடிக்கு மேல் கீழே சரியக் கூடாது என்பது ஐ.எஸ். 1904 விதி. உங்களுடையது நாலடி என்றால் அவர்கள் குழி உங்கள் அடிமட்டத்துக்கு நாலடி கீழே போகிறது. அதற்கு எட்டடி தள்ளியிருக்க வேண்டும். மூன்றடியில் தடுப்பு இல்லாமல் தோண்டுவது உங்கள் சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணை எடுப்பதற்குச் சமம். அடியில் கெட்டியான பாறை இருந்தால் பயம் குறைவு. ஆனால் கிருஷ்ணகிரியில் பாறைக்கு மேல் சில அடிக்கு உதிரும் சுக்காங்கல் இருக்கும், சரிவது அதுதான்.

குழிக்குள் வேலை செய்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைப் படி படியாக வெட்ட வேண்டும், அல்லது பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். ஏறி இறங்க ஏணி வேண்டும், ஏணி தரைக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டியிருக்க வேண்டும். அடியைக் குடைந்து மேலே தொங்கவிட்டுத் தோண்டுவது கூடவே கூடாது. வெடி வைப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற ஆள்தான் வைக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது: கீறலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டு வைத்துத் தேதி எழுதுங்கள். பொட்டு வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், அந்த அறையைக் காலி செய்யுங்கள். கீறல் படத்தில் அளவுகோலும் இருக்கட்டும்.

அடுத்து நகராட்சி ஆணையருக்கு மனு. கிராமமாக இருந்தால் ஊராட்சி. சர்வே எண்ணும் அளவுகளும் எழுதி, வரைபடத்தில் கீழ்த்தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாமலோ, அனுமதியை மீறியோ நடக்கும் வேலையை நிறுத்த 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 57-ஆம் பிரிவிலும், கட்டியதை அகற்ற 56-ஆம் பிரிவிலும் அதிகாரம் தருகிறது. வாய்ப்பேச்சில் பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் குழி முப்பது நாள் காத்திராது. கட்டடம் விழுந்து அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து வரும் நிலை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ், கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். அவசரத்துக்கு அந்த வாசல்தான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பக்கத்து நிலம் தாங்க வேண்டும் என்ற இயற்கை உரிமை, 1882 வசதியுரிமைச் சட்டப்படி உங்கள் மண்ணுக்குத்தான், அதன் மேல் ஏற்றிய வீட்டுக்கு அல்ல. வீட்டுக்கு அந்த உரிமை இருபது ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தால் வரும். வீடு புதிது என்றால் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுக்கும். வழக்கறிஞரிடம் போகும்போது வீட்டு வரி ரசீதுகளை முதல் வருடத்திலிருந்து கொண்டு போங்கள்.

•

மாடி வீட்டுக்கு ஹெல்மெட், வலை எல்லாம் தேவையா? மேஸ்திரி சிரிக்கிறார்.
— வாசகர், அரூர்

சிரிக்கட்டும். 3.6 மீட்டருக்கு மேல் சாரம் கட்டினால் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கட்டை வேண்டும், படிக்கட்டுக்கு விட்ட ஓட்டையைச் சுற்றியும் அதே உயரத்தில் தடுப்பு வேண்டும். சவுக்குக் கட்டையைக் கட்டிய கயிறு மழையில் நனைந்து காய்ந்தால் தளரும், காலையில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே சாய்ந்திருக்கட்டும்.

இவற்றைவிட நான் பயப்படுவது கம்பிக்கு. நாற்பது அடி டார் கம்பியை மாடியில் நிமிர்த்தித் திருப்பும்போது எதிரே 11 கே.வி. லைன் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டடத்துக்கும் லைனுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இருக்க வேண்டும். அவ்வளவு இருந்தாலும் நீளக் கம்பிக்கு அது காணாது. கம்பியைக் கீழேயே வெட்டி ஏற்றுங்கள். சென்ட்ரிங் அன்று மின்வாரியத்துக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த அட்டை வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, நகல் வாங்கி வையுங்கள்.

•

போர் தண்ணீரில் கட்டினால் சுவர் உப்பு பூக்குமா? எங்கள் பக்கம் புளோரைடு அதிகம்.
— வாசகர், பென்னாகரம்

புளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் கேடு, சுவருக்கு அதனால் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது குளோரைடும் சல்ஃபேட்டும். ஐ.எஸ். 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி., சல்ஃபேட் 400 மி.கி. தாண்டக் கூடாது. பாதி நேரம் உப்பு தண்ணீரில் இல்லை, செங்கல்லில் இருக்கிறது. தட்டில் ஒரு அங்குலம் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றிச் செங்கல்லை நிறுத்தி வையுங்கள். முழுதும் வற்றியதும் மறுபடி அதே அளவு ஊற்றி வற்ற விடுங்கள். வெள்ளை படர்ந்தால் அந்தச் சூளை லோடைத் திருப்பி அனுப்பலாம்.