தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த மாதம் விதைப்பது? ஆடியில் போட்ட வெண்டை ஏன் முளைக்கவில்லை?

உங்களுக்குக் கைராசி இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். கைராசியை விடுங்கள், மாதம்தான் தவறு.

மூன்றாண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஒரு தமிழ் இதழில் படித்துவிட்டு, ஜூலைக் கடைசியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வெண்டையும் புடலையும் விதைத்தேன். இரு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்துக் கிளறினால், விதையெல்லாம் பூஞ்சை பிடித்து அழுகிக் கிடந்தது. அன்று அழுதுவிட்டேன். எங்கள் ஆயா (பாட்டி) குடும்பம் டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற இடத்தில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தது. எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தால் அந்த நிலம் போய்ச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகும், பெயின்ட் டப்பாக்களில் ஏதாவது வளர்த்துக்கொண்டே இருந்தார். அவர் பேத்திக்கு ஒரு வெண்டைச் செடி வரவில்லையே!

பிறகுதான் ஆயா செய்தது நினைவுக்கு வந்தது. குளிருக்குச் சால்வை போர்த்தும் மாதங்களில் தனியாவையும் வெந்தயத்தையும்தான் தூவுவார். தனியாவைப் புட்டியால் உருட்டி இரண்டாக உடைத்துக்கொள்வார். செப்டம்பரில் இடி இடித்து மழை விழுந்து மண் சூடேறிய பிறகே வெண்டை விதையை ஊறப்போடுவார்.

பழமொழியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தமிழ்நாட்டில் ஆடியில் ஆற்றில் புதுவெள்ளம் வரும், பின்னாலேயே மழைக்காலம். இங்கே அதே ஆடி நடுக்குளிர்காலம், மழையும் குறைவு. அக்டோபர் முதல் மார்ச் வரைதான் நமக்கு நல்ல மழை.

சென்ற ஆண்டு கோயில் அன்னதானத்தில், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒருவர், "உங்களுக்குத் தமிழே போய்விட்டது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நாற்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் எழுதப் படித்தவள் நான். இந்தியத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் இங்கே வந்த 1860 முதல் இன்றுவரை எங்கள் அடுப்படியில் கறிவேப்பிலை கறிவேப்பிலையாகவே இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

மீதி வெண்டை விதையை ஈரம் படாத டப்பாவில் மூடி வையுங்கள். செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றலாம். ஜோகன்னஸ்பர்க் உறவினருக்கும் விதை கொடுப்பதாக இருந்தால், அங்கே உறைபனி உண்டு, அக்டோபர் பாதிவரை பொறுக்கச் சொல்லுங்கள். காலியாகக் கிடக்கும் அந்தப் பாத்தியில் இன்றே தனியாவைத் தூவிவிடுங்கள்.