ஜான்னி பிரேரா யார், இத்தாலியக் கால்பந்தில் அவர் பெயர் ஏன் நிலைத்தது?
ஜான்னி பிரேரா (1919–1992) வட இத்தாலியின் லொம்பார்திப் பகுதியில் பிறந்து, இளம் வயதிலேயே 'கசெட்டா தெல்லோ ஸ்போர்ட்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற விளையாட்டு எழுத்தாளர் ஆவார். தற்காப்பு வரிசைக்குப் பின்னால், எந்த எதிராளியையும் தனியே பின்தொடராமல் நின்று, தப்பி வரும் பந்தைத் தடுக்கும் ஆட்டக்காரருக்கு 'லிபெரோ' என்று பெயரிட்டவர் அவரே. கல்யாணப் பந்தியில் தனக்கென ஒரு வரிசை இல்லாமல், குறை தெரியும் இலையை நோக்கி விரைபவரின் வேலையைப் போன்றது அது.

இத்தாலியர் உடல்வலிமையில் வட ஐரோப்பியருக்கு ஈடாகமாட்டார்கள், ஆகவே தற்காத்து நின்று திடீரென எதிர்த்தாக்குவதே அவர்களுக்கு ஏற்றது என்று பிரேரா வாதிட்டார். அக்காரணம் இன்று வலுவற்றதாகத் தோன்றினாலும் (அன்றும் அதை மறுத்தவர்கள் இருந்தனர்), ஆட்டத்தை விவரிக்க அவர் உருவாக்கிய சொற்கள் நிலைத்துவிட்டன. மிலானின் பழைய அரேனா விளையாட்டரங்கமும் அவர் பெயரையே தாங்குகிறது.

'கத்தெனாச்சோ' என்னும் தற்காப்பு முறையைப் பிரேராவே கண்டுபிடித்தார் என்பது தவறு. அதன் முன்வடிவத்தை 1930களில் சுவிட்சர்லாந்தில் பயிற்சியாளர் கார்ல் ரப்பான் கையாண்டார், பிரேரா அதற்காக எழுத்தில் வாதாடியவர் மட்டுமே.