செல்லின் நெருக்கடியும் பசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கத் தொடங்கியபின் பசி மந்தமாகி, எடையும் இறங்குகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்தால் குடலும் சிறுநீரகமும் செல்கள் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன என்பதும், பசி குறைவதற்கு அதுவே காரணம் என்பதும் 2020-ல் எலிகளில் காட்டப்பட்டன. பின்னர் வந்த எலி ஆய்வுகள் சில இதற்கு உடன்படவில்லை. எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் பரிசோதனையில் 18 என்று வந்திருக்கிறது. ஓயாமல் பசிப்பது இதனால்தானா?

பதில்: இரத்தம் எடுத்த நேரத்தை நீங்கள் எழுதவில்லை, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்பதையும் எழுதவில்லை. அலகு மைக்ரோகிராம்/டெசிலிட்டர் என்றால், காலை 8 மணிக்கு 18 என்பது இயல்பு. அதே எண் நள்ளிரவில் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். நேரம் குறிக்காத கார்டிசால் அறிக்கையால் பயனில்லை என்பதைப் பலமுறை எழுதிவிட்டேன். கார்டிசால் நீண்டகாலம் மிகுந்திருந்தால் பசி கூடும். ஜிடிஎஃப்15 மிகுந்தால் பசி அடங்கும். ஸ்டீராய்டு எடுப்பவராயின், அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு இது மூன்றாம் மாதம். தண்ணீர்கூட வயிற்றில் தங்குவதில்லை. ‘மசக்கை எல்லோருக்கும் வருவதுதான், மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் மனத்தில் குறை ஏதுமில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, உதடு வெடித்து, சிறுநீர் அடர்மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாத நிலையில் தாமதமாக மருத்துவமனைக்கு வரும் பெண்களைக் காணும்போதெல்லாம் கோபம் வருகிறது. அமினோ அமிலம் போதாமலோ செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டோ செல்கள் திணறும்போது சுரக்கும் அதே ஜிடிஎஃப்15-ஐ, கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி ஏராளமாகச் சுரக்கிறது. அது பின்மூளையிலுள்ள ஜிஎஃப்ஆர்ஏஎல் ஏற்பியில் அமர்ந்து பசியை அடக்கிக் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களே அதன் திடீர் ஏற்றத்தைத் தாங்க இயலாமல் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் ஆண்டுக்கணக்கில் இதன் அளவு மிகுந்தே இருக்கும் பெண்களுக்கு, கர்ப்பகாலக் குமட்டல் மிகக் குறைவு. மனத்திடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு? இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெடுநாள் வாந்தி எடுத்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். இல்லையேல் மூளை பாதிக்கப்படலாம் என்பதால், எத்தனை நாளாக வாந்தி என்பதை உடன்வருபவர் தவறாமல் சொல்லட்டும்.

கேள்வி: புற்றுநோயால் அப்பா உருகிக்கொண்டே போகிறார். பசியே இல்லை என்கிறார். மருந்து உண்டா?

பதில்: பல புற்றுநோய்களில் இதே ஹார்மோன் மிகுகிறது. அதை முடக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசிமருந்தை 12 வாரம் பெற்றவர்களில், உயர்ந்த அளவு பெற்றோரின் எடை, மருந்தற்ற ஊசி பெற்றோரைவிட ஏறத்தாழ 5.6 சதவீதம் கூடியது என்று 2024-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருந்தது. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிடச் சொல்லி அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். கேட்கும் நேரத்தில், கேட்பதை, சிறிதுசிறிதாகக் கொடுங்கள்.

கேள்வி: உடல் மெலிய ஜிடிஎஃப்15 ஊசி கடையில் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இணையத்தில் அந்தப் பெயரில் எதை விற்றாலும் வாங்காதீர்கள்.